உங்கள் கணனியின் வயிற்றில் என்ன இருக்கிறது?

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை, எம் அயலிலே வசிக்கும் நண்பர் ஒருவர் கையில் ஒரு மடிக்கணனியும் முகத்திற் பெருங் கவலையுமாக வாயிலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், உயர்தர வகுப்பிற் பயிலும் அவருடைய மூத்த மகள் நின்றாள்.

"மாஸ்டர், இதை ஒருக்காப் பாருங்கோ. போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிச்சு முடிச்சாலும் திறபடாமற் கிடக்குது. கடையிலே கொண்டுபோய்க் காட்டினேன். இது பழசு, இனி எறியத்தான் சரி, புதிசு ஒன்றை வாங்குங்கோ என்று சொல்லிப்போட்டினம்" என்றார்.

பரீட்சைக்கு இன்னும் 8 மாதங்களே உள்ளன. பாடக் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கின்றன. கிழமைக்கு இருமுறை வகுப்பும் அதன் வழியாகவே நடைபெறுகிறது. புதிய மடிக்கணனியின் விலையோ சாதாரண உத்தியோகத்தர் ஒருவரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். மனைவியின் காப்புச் சோடியை அடகு வைக்கவும் அவர் ஆயத்தமாகிவிட்டார் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

"அது இருக்கட்டும். இதற்குள்ளே என்ன இருக்கிறது?" என்று வினவினோம்.

"ஐ-5 என்று சொல்லித்தான் வாங்கினது, மாஸ்டர்."

"ஐ-5 இல் எது? நினைவகம் எவ்வளவு? தட்டு எந்த வகை?"

தந்தை மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள்.

இவ்விருவரையும் குறைகூறுவது எம் நோக்கமன்று. கணனியை வீட்டில் வைத்திருப்போருட் பெரும்பாலோர் இந்நிலையினரே. கிணற்றின் ஆழம் எத்தனை முழம், எந்த மாதத்தில் நீர் வற்றும் என்பனவெல்லாம் நமக்குத் தெரியும். மாடு வாங்கச் சென்றாற் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நடக்க விட்டும் பார்ப்போம். ஆனால் மாட்டின் விலையினும் கூடிய விலை கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் இருப்பது யாது என்று கேட்டால், மூடியின்மேல் ஒட்டிய சிறு தாளைத்தான் காட்டுகிறோம். பெட்டியைத் திறவாமலே, ஒரு சதமும் செலவழியாமலே, அதன் உள்ளுறுப்புகள் யாவற்றையும் அதன் வாயாலேயே சொல்லுவிக்கலாம் என்பதைப் பலர் அறியார். அதுவே இவ்வாரத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், எவற்றைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஓர் அடுக்களையை எண்ணிப் பாருங்கள். சமைப்பவரின் கைவேகம் ஒன்று. அரியவும் தேங்காய் துருவவும் பாத்திரங்களைப் பரப்பி வைக்கவும் அவருக்கு முன்னுள்ள இடம் இன்னொன்று. அரிசி பருப்பு அடுக்கி வைத்திருக்கும் சாமான் அறை மற்றொன்று. கணனியிற் சமைப்பவர் புரோசசர். முன்னுள்ள இடம், கடைகளில் றாம் என வழங்கும் நினைவகம். சாமான் அறை, வன்தட்டு அல்லது எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகம். சமைப்பவர் எத்துணைக் கைகாரராயினும், முன்னுள்ள இடம் ஒரு முழமாயிருந்தால் என் செய்வார்? உப்பை வைக்க இடமின்றிப் புளியைக் கொண்டுபோய் அறையில் வைப்பார். மறுபடி புளி தேவையானதும் உப்பை வைத்துவிட்டுப் புளியை எடுத்து வருவார். நினைவகம் போதாத கணனியும் சரியாக இதனையே செய்கிறது. நினைவகத்தில் இடமில்லாதவற்றைத் தட்டில் எழுதிவைத்துத் திரும்பத் திரும்ப எடுக்கிறது. அந்த அறையும் தொலைவில் இருந்துவிட்டாற் கேட்கவேண்டியதில்லை; சோறு இறங்குமுன் பொழுது சாய்ந்துவிடும்.

இனி, இவ்வுறுப்புகள் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் விந்தையைச் சிறிது கூறுவோம். இது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. பாடப் புத்தகங்களில் இதற்குப் போதிய இடம் கிடைப்பதில்லை.

கணனியின் ஒவ்வோர் உறுப்பும் கழுத்தில் ஒரு பெயர்த் தகடு அணிந்திருக்கிறது. 1993ஆம் ஆண்டிற் பென்டியம் வெளிவந்த காலந்தொட்டு, இன்டெல் புரோசசர்களில் 'நீ யார்?' என்று கேட்பதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. மென்பொருள் அக்கட்டளையை இட்டதும் புரோசசர் 12 ஆங்கில எழுத்துக்களில் தன் குலப்பெயரைச் சொல்லும். இன்டெல் ஆயின் 'ஜெனுயின் இன்டெல்' என்னும், ஏ.எம்.டி. ஆயின் 'ஓதென்டிக் ஏ.எம்.டி.' என்னும். இரண்டு பெயருக்கும் அசல் என்றே பொருள். தான் அசல் என்று தானே சான்று கூறிக்கொள்வது வேடிக்கைதான். எனினும் இப்பெயர் சில்லுக்குள்ளே பொறிக்கப்பட்டது, ஒட்டுத்தாளன்று.

நினைவகப் பலகை ஒவ்வொன்றிலும் கடுகளவான ஒரு சிறு சில்லு உண்டு. 'என் கொள்ளளவு இவ்வளவு, என் வேகம் இவ்வளவு' என்ற விபரம் தொழிற்சாலையிலேயே அதில் எழுதப்பட்டுவிடும். கணனியை இயக்கியதும், திரையில் யாதொன்றும் தோன்றுமுன்னரே தாய்ப்பலகை அதனைப் படித்துவிடுகிறது. வலைத்தொடர்பு, ஒலி, காட்சி ஆகியவற்றுக்குரிய உறுப்புகளும் இவ்வாறே. அவற்றுக்கு இரண்டு இலக்கங்கள் உண்டு. ஒன்று செய்தவரின் இலக்கம், மற்றது பொருளின் இலக்கம். இன்டெல் நிறுவனத்துக்குரிய இலக்கம் 8086. 1978ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற புரோசசரின் பெயரும் அதுவே. இன்றைய விண்டோஸ் கணனிகளுள் மிகப் பெரும்பான்மையானவை அதன் வழித்தோன்றல்கள்தாம். பாட்டனின் பெயரைப் பேரப்பிள்ளைகள் இன்னும் சுமந்து திரிகிறார்கள் எனலாம்.

நிற்க. கேட்கும் முறைக்கு வருவோம்.

மாணவியை அருகில் அமர்த்தி, "பிள்ளை, கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் 3 சாவிகளையும் ஒருங்கே அழுத்து" என்றோம். டாஸ்க் மனேஜர் என்னும் சாளரம் திறந்தது. அதிற் பெர்போமன்ஸ் என்ற பகுதிக்குச் சென்றால் புரோசசர், நினைவகம், தட்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உண்டு. எழுதுவதற்கு ஒரு கொப்பியையும் கொடுத்தோம். அவள் எழுதிய வரிகள் வருமாறு.

புரோசசர்: இன்டெல் கோர் ஐ5-7200யூ. கோர்கள் 2. நினைவகம்: 4 கிகாபைட், வேகம் 2133. நினைவகத் துளைகள்: 2 இல் 1 பாவனையில். தட்டு: எச்.டி.டி.

"மாமா, இந்தத் தட்டு நூற்றுக்கு நூறு என்று காட்டுதே, ஏன்?" என்று கேட்டாள்.

அந்த வினாவிலேயே நோய் வெளிப்பட்டுவிட்டது. நினைவகத்தின் பெரும்பகுதி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தட்டோ ஓய்வொழிச்சலின்றிச் சுழன்றுகொண்டிருந்தது. புரோசசர் மட்டும் நூற்றில் 15 பங்கு வேலையோடு சும்மா இருந்தது. சமைப்பவரிற் குறையில்லை, இடமும் அறையுமே குறை. கடையில் 'பழசு' என்று தள்ளிய பெட்டியின் உண்மை நிலை இதுதான்.

எச்.டி.டி. என்பது பழைய இசைத்தட்டுப் போலச் சுழலும் வன்தட்டு. மடிக்கணனிகளில் இது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். வேண்டிய இடம் சுழன்று முள்ளின்கீழ் வரும்வரை காத்திருக்கவேண்டுமாதலால், ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு செக்கனின் நூற்றில் ஒரு பங்கு அளவு நேரம் செலவாகிறது. இது அற்பமெனத் தோன்றும். ஆயினும் கணனி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடியெடுக்க வேண்டியிருக்கிறதே! எஸ்.எஸ்.டி. என்பதிற் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. அதற்கு வேண்டிய நேரம், ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. பழைய கணனி ஒன்றுக்குச் செய்யத்தக்க வைத்தியங்களுள் இத்தட்டை மாற்றுவதே தலையாயது என்பது எம் துணிபு.

டாஸ்க் மனேஜர் சொல்லாதவற்றைச் சொல்ல இன்னொரு பக்கம் உண்டு. விண்டோஸ் அடையாளமிட்ட சாவியையும் ஆர் எழுத்துச் சாவியையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு கட்டம் தோன்றும். அதில் எம், எஸ், ஐ, என், எப், ஓ என்னும் 6 எழுத்துக்களையும் தொடர்ந்து 32 என்ற இலக்கத்தையும் இடைவெளியின்றி எழுதி என்டர் சாவியை அழுத்துங்கள். கணனியைச் செய்தவர் பெயர், மாதிரி இலக்கம், தாய்ப்பலகையின் விபரம், பயோஸ் எழுதப்பட்ட திகதி எல்லாம் நிரலாக வரும். 'சிஸ்டம் டைப்' என்னும் வரியையும் தவறாது பாருங்கள். பெட்டி 64 பிட் ஆயிருந்தும் அதில் 32 பிட் விண்டோஸைப் பதித்துக் கொடுத்துவிடுகிறவர்கள் முன்னர் பலர் இருந்தனர். அவ்வாறாயின் 8 கிகாபைட் நினைவகத்தைப் பூட்டினாலும் 4 கிகாபைட்டுக்கு மேற் பயன்படாது. பரந்த அடுக்களையிற் பாதியைப் பூட்டி வைத்தது போலாகும்.

அதே சிறு கட்டத்தில் டபிள்யூ, ஐ, என், வீ, ஈ, ஆர் என்று எழுதினால், இருப்பது எந்த விண்டோஸ், அதன் எந்தப் பதிப்பு என்பது தெரியவரும். ஆப்பிள் கணனி உடையோர் திரையின் இடது மூலையிலுள்ள ஆப்பிள் அடையாளத்தை அழுத்தி முதல் வரியைத் தேர்ந்தால் வேண்டியது கிடைக்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 'உங்கள் கணனியை இலவசமாகப் பரிசோதிக்கிறோம்' என்று திரையிற் பாய்ந்து வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். மேற்கூறியவை எல்லாம் விண்டோஸுக்குள் ஏற்கெனவே இருப்பவை. வீட்டுத் திறப்பு இடுப்பிலிருக்க, வழியிற் போகிறவனிடம் திறப்புக் கேட்பானேன்?

பலரை மயக்கும் வேறொன்றையும் சொல்லிவிடுவோம். '500 கிகாபைட் என்று விற்றுவிட்டு 465 தான் தந்திருக்கிறான், மோசடி' என்று கொதித்த அன்பர் ஒருவரை நாம் அறிவோம். அதில் மோசடி இல்லை. தட்டைச் செய்பவர் ஒரு கிகாபைட் என்பதை 100 கோடி பைட் எனக் கணக்கிடுகிறார். விண்டோஸ் அதனை 1,07,37,41,824 பைட் எனக் கணக்கிடுகிறது. முன்னதன்படி 500 ஆவது பின்னதன்படி 465 ஆகும். 256 ஆவது 238 ஆகும். ஒரே நெல்லை இரண்டு கொத்துக்களால் அளந்தது போல என்க. ஆனால் தெருவோரத்தில் மலிவு விலையில் விற்கும் '2 டெராபைட்' சிறு நினைவுக்கோல்களில் மோசடி மலிந்திருக்கிறது. அவற்றின் உட்சில்லையே பொய் சொல்லப் பழக்கிவிடுகிறார்கள். கணனி கேட்டால் '2 டெராபைட்' என்றே விடை வரும். உண்மையிடம் நிறைந்தபின் எழுதியவை காற்றிற் கலந்துபோம். முழுக்க எழுதி மீளப் படித்துப் பார்ப்பதொன்றே அதற்குச் சோதனை. கலியாணப் படங்களை அதில் இட்டுவிட்டு அழுத குடும்பங்கள் உண்டு.

இனி 'ஐ-5' என்னும் மந்திரத்தைப் பார்ப்போம். பழைய கணனி வாங்குவோர் ஏமாறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். ஐ-3 தாழ்ந்தது, ஐ-5 நடுத்தரம், ஐ-7 உயர்ந்தது என்பது ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடும்போது மாத்திரமே பொருந்தும். அதனை அடுத்துவரும் இலக்கமே தலைமுறையைச் சொல்வது. ஐ5-2520எம் என்பது 2ஆம் தலைமுறை; 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது; 2 கோர்கள் கொண்டது. ஐ5-8250யூ என்பது 8ஆம் தலைமுறை, 2017இல் வந்தது, 4 கோர்கள் கொண்டது. இரண்டின் பெயரும் ஐ-5 தான்! விற்பவர் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவே. 10ஆம் தலைமுறை தொடக்கம் முதல் 2 இலக்கங்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஐ5-1135ஜீ7 என்பதைக் கண்டு, இது முதலாந் தலைமுறை எனக் கைவிட்டுவிடாதீர்கள். அது 11ஆம் தலைமுறை. 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 'கோர் அல்ட்ரா' என்ற புதுப்பெயர் முறையை இன்டெல் கொண்டுவந்தது. ஏ.எம்.டி.யின் ரைசன் புரோசசர்களிலோ, இலக்கத்தைக் கொண்டு தலைமுறையைத் தீர்மானித்தல் எளிதன்று. ஒரே தொடரில் இரு தலைமுறைகளைக் கலந்து வைத்திருக்கிறார்கள். அவற்றை வாங்குமுன் முழு இலக்கத்தையும் குறித்துவந்து, செய்தவரின் தளத்திற் பார்ப்பதே நன்று.

பழைய கணனி வாங்கச் செல்பவர், விற்பவர் முன்னிலையிலேயே மேற்கூறிய பக்கங்களைத் திறந்து காட்டும்படி கேட்கவேண்டும். கேட்பதற்கு வெட்கப்படல் வேண்டா. பல்லைப் பார்க்க விடாதவன் மாட்டை யார் வாங்குவர்? திரையிற் காணும் எழுத்தை மாற்றிவைக்கும் கைகாரரும் உளராதலால், ஐயமிருப்பின் கணனியை அணைத்து மீண்டும் இயக்கி, எப்2, எப்10, டிலீட் ஆகிய சாவிகளுள் அந்த மாதிரிக்கு உரியதை அழுத்தி, பயோஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே விண்டோஸின் தலையீடு இல்லை.

கணனிக்குப் பல் என்பது எது? தட்டின் உள்ளே எழுதப்படும் மணிக்கணக்கே அது. தட்டு எத்தனை மணிநேரம் மின்பெற்று உழைத்தது என்பதை, மோட்டார் வண்டியின் மைல்மானி போலத் தட்டு தானே எண்ணிவைக்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்னும் இலவச மென்பொருள் அதனைக் காட்டும். ஓராண்டில் மொத்தம் உள்ளவை 8,760 மணிநேரமே. 'ஒரு வருடந்தான் பாவித்தது' என்று விற்பவர் கூற, தட்டு 20,000 மணிநேரம் என்று கூறுமாயின், இருவரில் ஒருவர் கூற்று மெய்யாக இருத்தல் இயலாது. இந்த எண்ணிக்கையையும் அழித்தெழுதுவோர் உண்டு. புதுத் தட்டை இட்டுப் பழைய பெட்டியை விற்போரும் உண்டு. எனவே இது ஒன்றையே நம்புதலும் ஆகாது.

பற்றரியின் நிலையையும் அறியலாம். கொமாண்ட் புரொம்ட் என்னும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, பவர் என்னும் ஆங்கிலச் சொல்லோடு சீ, எப், ஜீ என்னும் 3 எழுத்துக்களை ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடொன்றை இட்டு, அதனை ஒட்டிப் பற்றரி, றிப்போட் என்னும் 2 சொற்களையும் சேர்த்தெழுதி என்டரை அழுத்துக. அறிக்கை ஒன்று உருவாகும்; அது சேமிக்கப்பட்ட இடத்தையும் அச்சாளரமே காட்டும். புதிதாயிருந்தபோது பற்றரி கொண்ட மின் எவ்வளவு, இப்போது கொள்வது எவ்வளவு என்ற 2 கணக்குகளும் அதில் இருக்கும். முன்னது 41,000 எனவும் பின்னது 20,500 எனவும் இருந்தாற் பற்றரிக்குப் பாதி ஆயுள் போயிற்று என்று கொள்க. மின்தடை நேரத்திற் படிக்கும் பிள்ளைக்கு இது சிறிய செய்தியன்று.

உறுப்புகள் மட்டுமா? பெட்டிக்குள் வாழும் மென்பொருட்களையும் கணக்கெடுக்க வேண்டும். நண்பருடைய கணனியில், செற்றிங்ஸ் பகுதியிலுள்ள ஆப்ஸ் பட்டியலைத் திறந்தபோது எமக்கே திகைப்பாயிற்று. வைரஸ் தடுப்பு மென்பொருட்கள் ஒன்றுக்கு இரண்டு இருந்தன. ஒரே வாயிலில் இரு காவற்காரர் நின்றால், வருகிறவனை விட்டு ஒருவரையொருவர் சோதிப்பர். அதைவிடக் கொடியது, தொலைவிலிருந்து இக்கணனியை இயக்க உதவும் மென்பொருள் ஒன்றும் அங்கிருந்தது. அது முறையான மென்பொருளே. முன்னர் இதனைப் பாவித்த கந்தோர்க்காரர் தம் தேவைக்காகப் பதித்திருக்கலாம். ஆனால் கணனி கைமாறியபோது அதுவும் சேர்ந்தே வந்துவிட்டது. வீட்டை விற்றவர் திறப்பின் பிரதி ஒன்றைத் தம்மிடமே வைத்திருந்தது போன்ற நிலை. பெண்பிள்ளை ஒருத்தி படிக்கும் அறையில், கமராவும் ஒலிவாங்கியும் பொருந்திய பெட்டியில், இது இருக்கத் தகுமா? தந்தையின் முகம் கறுத்துவிட்டது. "உடனே அழிச்சுவிடுங்கோ, மாஸ்டர்" என்றார்.

ஒன்றை மட்டும் அழிப்பதால் ஆவதில்லை. பழைய கணனியை வாங்கினால், முதல் வேலையாக அதை வெறுமையாக்கி விண்டோஸைப் புதிதாகப் பதிப்பதே தக்கது. களவாகத் திறந்த மென்பொருட்களோடு விற்கப்படும் பெட்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். அனுமதிச் சீட்டின்றி விண்டோஸை இயக்க உதவும் 'அக்டிவேட்டர்' எனப்படுபவை பலவற்றின் வயிற்றிற் கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் இருந்தமை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இலவசமாக வந்த பசு, கொட்டிலையே தின்றுவிடும்.

டிவைஸ் மனேஜர் என்னும் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுக. விண்டோஸ் சாவியோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி வரும் பட்டியலில் அது உண்டு. மஞ்சள் நிற அடையாளத்துடன் பெயரில்லாத உறுப்பொன்று அங்கே காணப்பட்டால், அதற்குரிய டிரைவர் மென்பொருள் இல்லை என்பது பொருள். அதன் விபரப் பக்கத்தில், முன்னர்க் கூறிய செய்தவர் இலக்கமும் பொருளின் இலக்கமும் இருக்கும். அவ்விரண்டையும் கொண்டு, அது என்ன உறுப்பென்று தேடிக் கண்டுகொள்ளலாம். 8086 என்று தொடங்கினால் எங்கே செல்வதென்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

விண்டோஸின் பதிப்பைப் பார்த்தபோது வேறொரு சங்கடம் எதிர்ப்பட்டது. அது விண்டோஸ் 10. 2015ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த அப்பதிப்புக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 பதிப்பதற்கோ, 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பகம், டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு ஆகியவற்றோடு, இன்டெல் ஆயின் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரோசசரும் வேண்டும் என்பது விதி. எம் நண்பரின் பெட்டி 7ஆம் தலைமுறை. ஒரு படியில் வாயில் மூடிவிட்டது! உழைக்கும் வலிமையுள்ள இலட்சக்கணக்கான கணனிகளை இந்த ஒரு விதி குப்பைக்கு அனுப்புகிறதே என்பதில் எமக்குள்ள மனத்தாங்கலை மறைக்க விரும்பவில்லை. அதற்காக, விதியை ஏமாற்றி விண்டோஸ் 11ஐப் பதிக்கும் குறுக்கு வழிகளைப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குச் சிபாரிசு செய்யவும் எம்மால் இயலாது. திருத்தங்கள் என்றைக்கு நின்றுபோகும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்கார்.

வழி இரண்டிருந்தன. வீட்டுப் பாவனையாளருக்கென விண்டோஸ் 10க்கு மேலும் ஓராண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களை, பதிவு செய்துகொள்வோர்க்கு 2026 அக்டோபர் 13 வரை தருவதாக மைக்ரோசொப்ட் அறிவித்திருந்தது. மற்றையது லினக்ஸ். அதனைப் பதிக்காமலே, ஒரு நினைவுக்கோலிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பது அதன் பெருஞ் சிறப்பு. லினக்ஸ் மின்ட் என்னும் வகையை அவ்வாறு இயக்கிக் காட்டினோம். சூம் வகுப்பு நடந்தது, வினாத்தாள்கள் திறந்தன, தமிழ் எழுத்துக்கள் முறிவின்றித் தெரிந்தன. "பார்க்க வடிவாய்த்தான் இருக்குது, மாமா. ஆனால் பரீட்சை முடியுமட்டும் பழகினதே இருக்கட்டும்" என்றாள் மாணவி. அதுவும் நியாயந்தான். விண்டோஸ் 10ஐயே புதிதாகப் பதித்து, நீட்டிப்புக்குப் பதிவும் செய்தோம். பரீட்சை முடிந்தபின் லினக்ஸுக்கு மாறுவதென்று தீர்மானமாயிற்று.

அதற்குமுன் கடைக்குப் போகவேண்டியிருந்தது. வேறொரு கடைக்குத்தான் போனார்கள். நினைவகம் வாங்கும்போது அளவை மட்டும் சொன்னாற் போதாது. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என அதில் தலைமுறைகள் உண்டு. ஒன்றின் துளையில் மற்றொன்று பொருந்தாதபடி பள்ளங்கள் வெவ்வேறிடத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. மடிக்கணனிக்குரிய பலகை நீளத்திலும் குறைந்தது. சில மெல்லிய மடிக்கணனிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றிற் கூட்ட இயலாது. இங்கே 2 துளைகளில் ஒன்று வெறுமையாக இருந்தது அவர்களின் நற்பேறு. கொப்பித் தாளைக் கிழித்துக் கொண்டுபோன மாணவி, டி.டி.ஆர்.4, 4 கிகாபைட், மடிக்கணனிக்குரியது என்று தானே கேட்டு வாங்கினாள். கூடவே 256 கிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றும் வாங்கப்பட்டது. புதிய கணனியின் விலையோடு ஒப்பிடுகையில் இரண்டுக்கும் சேர்த்துச் சென்றது சிறு தொகையே. காப்புச் சோடி கையிலேயே இருக்கிறது. கழற்றிய வன்தட்டை ஓர் உறைக்குள் இட்டுக் குடும்பப் படங்களைச் சேமிக்க வைத்துக்கொண்டார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை தந்தை வேலியோரம் நின்று கூவினார்: "மாஸ்டர், இப்ப தேத்தண்ணி ஊற்றவே நேரமில்லை, அதுக்குள்ளே திறந்திடுது!" மகளோ இப்பொழுது அயலட்டையிலுள்ள கணனிகளையெல்லாம் கொப்பியும் கையுமாகக் கணக்கெடுத்துத் திரிகிறாளாம். இரண்டு வீட்டில் 'ஐ-7' என்று வாங்கியவை 2ஆம் தலைமுறையாக இருந்தனவென்றும், அவ்வீட்டார் தன்மேற் கோபங் கொண்டனரென்றும் முறையிட்டாள்.

அச்சுப்பொறியின் மை விரைவில் தீர்ந்துபோவது பற்றி எழுதிக் கேட்ட அன்பர்க்கு அடுத்த வாரம் விடை கூறுவோம்.